அடையாறு ஆமை மீதான கோப்பு

"இந்த ஆமையோட வீட்டு விலாசம் வெள்ளிக்கிழமைக்குள்ள என் மேசைக்கு வரணும், பவுல்சாமி" என்று சொல்லி, பிரிவுத் தலைவர் தங்கவேல் ஓர் அச்சுத்தாளைப் பவுல்சாமியின் முன்னால் வைத்தார்.

பவுல்சாமி முதல் வரியைப் படித்தார். இரண்டாம் வரியைப் படிக்க வேண்டிய தேவை அவருக்கு ஏற்படவில்லை. முந்தைய நாள் காலை, சாந்தோமிலிருந்து தியாகராய நகர் வரும் பேருந்து ஆழ்வார்பேட்டைச் சிக்னலில் இருபது நிமிடம் நின்றபோது, அந்த வரிகளைக் கைப்பேசியில் தட்டியவர் அவரேதான்.

இணையக் கருத்து ஒழுங்குப் பிரிவு என்னும் அந்த அரசு அலுவலகம், தியாகராய நகரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இயங்கிவந்தது. குடிமக்களின் சினம், அரசு அனுமதித்த அளவுக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது அதன் பணி. செய்தித் தளங்களில் மக்கள் எழுதும் கருத்துகளில் வரம்பு மீறியவற்றைப் பொறுக்கி, மூன்று படிகள் அச்சிட்டு, துளையிட்டு, பச்சைக் கயிற்றால் கட்டி, பதிவேட்டில் எண் கொடுத்து, பிறகு எழுதியவரைத் தேடவேண்டும். இணையத்தைத் தாளில் இறக்கிக் கயிற்றால் கட்டிவிட்டால் அது எங்கும் ஓடிவிடாது என்பது அரசின் உறுதியான நம்பிக்கை.

இத்தனை பெரிய பொறுப்பை நான்கு பேர் சுமந்தனர். தலைவர் தங்கவேல், தட்டச்சையும் பதிவேட்டையும் பார்க்கும் ஜோதிலட்சுமி, கூட்டிப் பெருக்கித் தேநீர் கொடுக்கும் ஸ்வர்ணலதா, கோப்புகளுக்குக் குறிப்பு எழுதும் பவுல்சாமி. பவுல்சாமியின் பணி ஒப்பந்தம் அந்த மாத இறுதியில் முடிகிறது. அதைப் புதுப்பிக்கத் தங்கவேலின் கையொப்பம் வேண்டும். ஒப்பந்தத்தின் ஏழாம் நிபந்தனையோ, அரசைப் பற்றிக் கருத்துச் சொல்லும் பணியாளர் அன்றே நீக்கப்படுவார் என்று தெளிவாகக் கூறியது.

நாள்தோறும் எட்டு மணிநேரம் பிறருடைய கோபத்தைப் படித்துப் படித்து, தமக்கென்று ஒரு கோபமும் இல்லாமல் வாழ்ந்துவந்த மனிதர் அவர். அப்படிப்பட்டவரையும் முந்தைய நாள் வந்த ஒரு செய்தி அசைத்துவிட்டது. இணையத்தில் கருத்து எழுத விரும்புவோர் முதலில் 'கருத்து எண்' கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், ஏழு வேலைநாள் காத்திருந்து எண் கிடைத்தபிறகே எழுதவேண்டும் என்று ஒரு வரைவு விதி வெளியாகியிருந்தது. அந்தச் செய்தியின் கீழே அவர் எழுதியது இதுதான்:

'பொருள்: கருத்து எண் – வரைவு விதி – ஆட்சேபம் தெரிவித்தல் – தொடர்பாக. பார்வை: இன்றைய செய்தி. பார்வையில் காணும் விதியின்படி, ஒருவர் கோபம் கொள்வதற்கு ஏழு வேலைநாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும் எனத் தெரியவருகிறது. இவ்வசதியைத் தும்மலுக்கும் நீட்டிக்கலாம் எனப் பணிந்து தெரிவிக்கப்படுகிறது. இவண், அடையாறு ஆமை.'

"சார், யாரோ பொழுது போகாம எழுதியிருக்காங்க" என்றார் பவுல்சாமி, குரலைச் சமன்செய்துகொண்டு. "மேல் நடவடிக்கை தேவையில்லைன்னு குறிப்பு எழுதி மூடிடலாமா?"

"மூடறதா? நல்லாப் பாருய்யா. பொருள் போட்டிருக்கான். பார்வை போட்டிருக்கான். பணிந்துன்னு முடிச்சிருக்கான். கோபத்துல இருக்கற மனுஷன் எவனாவது பார்வை போடுவானா? இவன் ஏதோ அரசாங்க ஆபீஸ்ல உக்காந்திருக்கறவன்."

அப்போதுதான் பவுல்சாமிக்குத் தம் பிழை விளங்கியது. இருபது ஆண்டுகளாகப் பல அலுவலகங்களில் குறிப்பு எழுதிய கை அது. மனைவி டெல்பினுக்கு எழுதிய திருமண நாள் வாழ்த்தையே 'தங்கள் மேலான கவனத்துக்கு' என்று தொடங்கியவர் அவர். புரட்சி செய்யும்போது மட்டும் அந்தக் கை வேறு மாதிரி எழுதிவிடுமா?

தங்கவேலின் கவனத்தைத் திசைதிருப்ப வேண்டும். மதிய இடைவேளையில் பவுல்சாமி மாடிப்படியில் அமர்ந்து, கீழே குடங்கள் மோதும் ஓசைக்கு நடுவே, 'மாம்பலம் கொசு' என்ற புதிய பெயரைப் பூண்டார். பொருளும் பார்வையும் எட்டிப் பார்க்காதபடி மிகுந்த கவனத்துடன் எழுதினார்:

'டேய் ஆமை, உன்ன எனக்குத் தெரியும்டா. கோயமுத்தூர்ல மாவு மில்லு வெச்சிகினு கீற. கவர்மெண்டு சொன்னா கேட்டுக்கோ. கருத்து எண் சூப்பர் திட்டம். எனக்கு ரெண்டு எண் வேணும்.'

ஆமையைக் கோயம்புத்தூருக்கு அனுப்பிவிட்ட நிம்மதியில் அவர் தயிர்சாதத்தைப் பிரித்தார்.

மூன்று மணிக்கு ஜோதிலட்சுமி இன்னொரு தாளுடன் எழுந்துவந்தார். "சார், புதுசா ஒண்ணு மாட்டியிருக்கு. மாம்பலம் கொசுவாம்."

"அது அரசாங்கத்தைப் பாராட்டித்தானே எழுதியிருக்கு, மேடம்?" என்று பவுல்சாமி பதறினார்.

"அதுதானே சந்தேகம்! இந்தத் திட்டத்தைப் போய் எவனாவது மனசார சூப்பர்னு சொல்வானா? அதுலயும் ரெண்டு எண் வேணுமாம். சுத்தமான நக்கல் சார் இது."

தங்கவேல் மூக்குக் கண்ணாடியை உயர்த்திப் படித்தார். "ஆமாம்மா. ஆமையாவது நேரா திட்டறான். இந்தக் கொசு பாராட்டிக் கடிக்கறான். இவன்தான் அதிக ஆபத்து. இன்னொரு ஃபைல் போடு. பவுல்சாமி, இதையும் நீயே பாரு."

அரசைத் திட்டினால் ஒரு கோப்பு, பாராட்டினால் இன்னொரு கோப்பு. தம்மைத் தாமே தேடும் பணியில் பவுல்சாமிக்கு ஒரே நாளில் இரட்டைப் பொறுப்புக் கிடைத்தது.

மறுநாள் காலையில் நிலைமை மேலும் செழித்திருந்தது. 'கிண்டி மான்' என்றொருவரும் 'கூவம் கொக்கு' என்றொருவரும் புதிதாகத் தோன்றியிருந்தனர். மான் எழுதியிருந்தது: 'அடையாறு ஆமையின் கருத்து பரிசீலிக்கப்பட்டது. ஏற்கத்தக்கதே.' அதன்கீழ்க் கொக்கு: 'மானின் கருத்துக்கு இசைவு தெரிவிக்கப்படுகிறது. நகல்: மாம்பலம் கொசு, தகவலுக்காக.'

காட்டில் ஒரு விலங்கு வாய் திறந்து மாட்டிக்கொண்டால், மற்றவை புதருக்குள் பதுங்கும் என்றுதான் கதைகளில் படித்திருக்கிறோம். இந்தக் காட்டில் ஆமை வாய் திறந்ததும் மற்ற விலங்குகள் நகலுடன் வரிசையில் வந்து நின்றன. அவை யார் என்று பவுல்சாமிக்குத் தெரியவில்லை. அதுதான் அவரை இன்னும் நடுங்கச் செய்தது.

தங்கவேலின் முகத்திலோ பண்டிகைக் களை. "கும்பல்யா இது! தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்பிட்டேன். இணை இயக்குநர் அசோகன் சாரே வெள்ளிக்கிழமை நேர்ல வர்றாராம்."

பவுல்சாமியின் மேசையில் தேநீரை வைத்த ஸ்வர்ணலதா அவரை உற்றுப் பார்த்தார். கோட்டூர்புரத்து ஆற்றோரத்திலிருந்து, நகருக்கு வெளியே உள்ள பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டவர் அவர். காலை ஆறு மணிக்குப் பேருந்து ஏறினால்தான் ஒன்பது மணிக்கு இவர்களுக்குத் தேநீர்.

"இன்னா சார், மூஞ்சி வெளுத்துப்போய் கீது? அந்த ஆமை கேசா?"

"ஆமாம்மா."

"அது இன்னா சார் தப்பா எழுதிகீது? எங்க ஊட்ட இடிக்க சொல்லோ ஒரு வார்த்தை கேக்கல. இப்போ நாங்க கோவப்படறதுக்கு மட்டும் ஏழு நாள் முன்னாடி எழுதிக் குடுக்கணுமா?"

"மெதுவாப் பேசுங்கம்மா" என்றார் பவுல்சாமி, சுற்றுமுற்றும் பார்த்து. "யாராவது இதையும் மூணு காப்பி எடுத்துடப் போறாங்க."

அன்று மதியம் அவர் இறுதி முடிவுக்கு வந்தார். ஆமை இருப்பதால்தானே தேடுகிறார்கள்? ஆமையே விடைபெற்றுவிட்டால்? மீண்டும் மாடிப்படிக்குச் சென்று, 'என் கருத்தை முழுமையாகத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இனி எங்கும் எழுதமாட்டேன். அனைவரும் பொறுத்தருள்க' என்று ஆமையின் பெயரால் எழுதிவிட்டு வந்து அமர்ந்தார்.

ஒரு மணிநேரத்தில், ஆமையை மிரட்டிவிட்டார்கள் என்று நகரம் முடிவுகட்டிவிட்டது. 'ஆமை எங்கே?' என்று ஒருவர் கேட்டார். வாய்க்கட்டுப் போட்ட ஆமையின் படத்தை இன்னொருவர் வரைந்தார். கோட்டூர்புரம் நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் புத்தகத்தை மூடிவைத்து, தங்கள் சொந்தப் பெயரிலேயே, நூலகத்தின் பெயரையும் போட்டு, 'நானும் ஆமைதான்' என்று ஆளுக்கொரு வரி எழுதினார்கள். அலுவலகம் முடியும் நேரத்தில் நானூற்று முப்பத்தேழு ஆமைகள் இருந்தன.

நானூற்று முப்பத்தேழையும் மூன்று படிகள் அச்சிட வேண்டும். இருநூறாவது ஆமையில் அச்சுப்பொறி புகைந்து அடங்கியது. பச்சைக் கயிறு தீர்ந்துபோகவே, ஜோதிலட்சுமி கீழே பாத்திரக் கடைக்கு ஓடி, குடம் கட்டும் சணலைக் கேட்டு வாங்கிவந்தார்.

அன்று மாலை பவுல்சாமி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். டெல்பின் விடவில்லை, பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளை விசாரிக்கும் முறையில் விசாரித்து, பத்து நிமிடத்தில் உண்மையை வாங்கிவிட்டார்.

"போய் ஒத்துக்கிட்டு வந்துடுங்களேன். பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட சொல்றீங்க. தங்கவேல் சார்கிட்ட சொல்லக்கூடாதா?"

"சாமியார் மன்னிப்பாரு டெல்பின். தங்கவேல் சார் ஏழாம் நிபந்தனையைப் படிச்சுக் காட்டுவாரு."

"வேலை போனா போகுது. என் சம்பளத்துல கஞ்சி குடிச்சுக்கலாம்."

"அது எனக்குத் தெரியும்மா. இந்த வயசுல எனக்கு வேற எவன் வேலை குடுப்பான்? நாள் பூரா இந்த வீட்டுல உக்காந்து நான் என்ன செய்வேன்?"

டெல்பின் ஒரு கணம் அந்தக் காட்சியைக் கற்பனை செய்து பார்த்தார். "அப்ப ரெண்டு நாள் பொறுத்துப் பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இணை இயக்குநர் அசோகன் வந்து சேர்ந்தார். சணலால் கட்டிய கோப்புகளைத் தொட்டுப் பார்த்து மகிழ்ந்தார். நாட்டில் இணையச் சுதந்திரம் எவ்வளவு தழைத்திருக்கிறது என்பதற்கு இத்தனை கோப்புகளே சான்று என்று பாராட்டினார்.

"இப்ப உடனே என்ன பண்றீங்கன்னா," என்றார் அவர், "ஆமையோட விலாசம் கேட்டுத் தொலைபேசி கம்பெனிக்கு லெட்டர் போடுங்க. நானும் ஆமைன்னு எழுதின பசங்க பேரையும் பட்டியல்ல சேர்த்துடுங்க. நாளைக்கு அவங்க அரசாங்க வேலைக்கு வர்றவங்கதானே? இப்பவே தெரிஞ்சு வெச்சுக்கலாம்."

தங்கவேல் பவுல்சாமியின் பக்கம் திரும்பினார். "லெட்டரை நீயே எழுது. நீயே கொண்டுபோய்க் குடு. பதிலையும் நீயே வாங்கிட்டு வா. வேற யாரும் இதைத் தொட வேணாம். ஆமா, அவசரம் ஒண்ணும் இல்ல."

பவுல்சாமி தம் இருக்கைக்கு வந்து, தம் விலாசத்தைத் தாமே கேட்டு ஒரு கடிதம் எழுதினார். பொருள் போட்டார். பார்வை போட்டார். பட்டியலுக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. முதல் பெயர் ஷண்முகப்ரியா, அடுத்தது அய்யாதுரை. தேர்வெழுதக் காத்திருக்கும் பிள்ளைகள். தாம் பேருந்தில் பொழுதுபோக்கிய இருபது நிமிடத்துக்காக இவர்கள் வாழ்நாள் முழுவதும் ஒரு சணல் கட்டுக்குள் கிடப்பதா?

அவர் எழுந்தார். சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, கழுத்திலிருந்த மாதா சுரூபத்தைத் தொட்டுக்கொண்டு, தலைவரின் அறையை நோக்கி நடந்தார். உள்ளே அசோகனின் சிரிப்பும் தங்கவேலின் சிரிப்பும் கேட்டன.

கதவருகே தேநீர்த் தட்டுடன் நின்ற ஸ்வர்ணலதா வழியை மறித்தார். "எங்க சார் போறீங்க?"

"உள்ளே ஒரு விஷயம் சொல்லணும்மா. வழி விடுங்க."

"இன்னா விஷயம்?"

"அந்த ஆமை..." பவுல்சாமி தலைவரின் அறைக் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அந்த ஆமை நான்தாம்மா. ஒத்துக்கப் போறேன். எனக்கு வேலை போனாலும் பரவாயில்ல. மத்தவங்களாவது தப்பிக்கட்டும்."

ஸ்வர்ணலதா திடுக்கிடவில்லை. தட்டை அலமாரியின்மேல் வைத்தார். பவுல்சாமியின் சட்டைக் கையைப் பிடித்து மாடிப்படி வரைக்கும் இழுத்துவந்தபிறகே வாய் திறந்தார்.

"நல்லா தப்பிக்க வுட்டீங்க போ! இந்த மாசமும் கேசு இல்லாங்காட்டி ஆபீஸ இழுத்து மூடிருவோம்னு மேலேர்ந்து லெட்டரு வந்துகீது சார். மானா எழுதறது நம்ம தங்கவேல் சாரு, கொக்கு ஜோதி மேடம். ஆமை நீங்கதான்னு சாரு மொத நாளே தெரிஞ்சிகினு, வேற யாராண்ட குடுத்தாலும் கண்டுபுடிச்சிருவாங்கன்னுதான் உங்களாண்ட குடுத்தாரு — பேசாம குந்திகினு தேடுங்க!"