தேங்காய் எண்ணெய் பூசிய டிரை சூட்

செகண்ட் ஹேண்டில் வாங்குகிற எந்தப் பொருளோடும் அதன் பழைய சொந்தக்காரர் சொல்லும் அறிவுரையும் சேர்ந்தே வரும். பொருளை மட்டும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு, அறிவுரையைப் பாதி வழியில் இறக்கிவிடுகிற குடும்பம் எங்களுடையது. எங்கள் டிரெட்மில் அப்படி வந்ததுதான் (துணி காயப்போட அதைவிட வசதியான சாமான் கிடையாது). மாவரைக்கும் கிரைண்டரும் அப்படித்தான். ஆனால் அவையெல்லாம் மூலையில் சும்மா கிடந்தன. கழுத்தைப் பிடித்தது டிரை சூட் ஒன்றுதான்.

குளிர்ந்த தண்ணீரில் படகு விடுகிறவர்கள் போட்டுக்கொள்ளும் உடை அது. கழுத்திலிருந்து பாதம் வரை ஒரே துண்டு. மார்புக்குக் குறுக்கே தடித்த ஜிப். கழுத்திலும் மணிக்கட்டிலும் மெல்லிய ரப்பர் சீல் இருக்கும். அது தோலோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டால் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது. கோபிப் பக்கம் வாய்க்காலில் முட்டிக்கு மேல் இறங்காமலே வளர்ந்த எனக்கு, நாற்பத்தேழு வயதில், முழங்கால் வலியோடு, இது எதற்கு என்று கேட்கலாம். என் மகள் கூப்பிட்டாள். அதற்குத்தான்.

யாழினிக்கு அப்போது பதினேழு வயது. தமிழ் முழுவதும் புரியும், பக்கத்து அறையில் அவளைப் பற்றிப் பேசினால் இன்னும் நன்றாகப் புரியும். பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். அந்தப் பதிலும் வருடத்துக்கு வருடம் சுருங்கி, 'ஃபைன்', 'ஓகே', 'ஐ நோ' என்கிற அளவில் வந்து நின்றிருந்தது. ஃபால், அதாவது இலையுதிர் காலம், வந்தால் கல்லூரிக்குப் போய்விடுவாள். சனிக்கிழமைகளில், கயாக் என்கிற குறுகலான துடுப்புப் படகு விடும் ஒரு குழுவோடு போய்க்கொண்டிருந்தாள். மார்ச் மாதத்தில் ஒரு நாள் நான் டிஷ்வாஷரை அடுக்கிக்கொண்டிருந்தபோது, போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"பிகினர்ஸ் ட்ரிப், நெக்ஸ்ட் மந்த். யூ கேன் கம். இஃப் யூ வாண்ட்."

கையிலிருந்த இட்லித் தட்டை மெதுவாகக் கீழே வைத்தேன். அவளாக என்னை ஓர் இடத்துக்குக் கூப்பிட்டு எத்தனை மாதமாகியிருக்கும் என்று நினைவில்லை. அவள் எங்கே கூப்பிட்டிருந்தாலும் போயிருப்பேன். மதியத்துக்கு என்ன கட்டட்டும் என்று மட்டும் கேட்டிருப்பேன். சந்தோஷத்தைக் காட்டினால் அழைப்பைத் திரும்ப வாங்கிவிடுவாளோ என்ற பயத்தில், "பார்க்கலாம்" என்றேன்.

குழுவை நடத்தும் டயேன் என்ற அம்மாளிடமிருந்து மெயில் வந்தது. ஏப்ரல் வெயிலைப் பார்த்து ஏமாறாதீர்கள், தண்ணீர் இன்னும் பனிக்கட்டியாகத்தான் இருக்கும், டிரை சூட் இல்லாத யாரும் படகில் ஏற முடியாது. என் கணவர் செந்தில் புது சூட்டின் விலையைத் தேடிப் பார்த்துவிட்டு லேப்டாப்பைச் சத்தமில்லாமல் மூடினார். மறுநாளே பழையது ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்.

பார்க்வே நெடுஞ்சாலையில் தெற்கே போய்க் கடலோர ஊர் ஒன்றில் பீட்டர் என்பவரின் வீட்டு முன் நின்றோம். நெடுநெடுவென்று உயரமான, ரிட்டயர் ஆன மனிதர். அவருடைய கராஜில் மஞ்சள் நிறத்தில் ஒருவர் கைகளைத் தொங்கப்போட்டு எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். வணக்கம் சொல்ல வாயைத் திறந்த பிறகுதான் அது ஹேங்கரில் தொங்கும் சூட் என்று தெரிந்தது.

பீட்டர் பொறுமையாக விளக்கினார். சீல் லேட்டெக்ஸ் ரப்பர். பழசாகிவிட்டது, மாற்றிவிட்டுப் போடுங்கள். வெயிலில் வைக்காதீர்கள். பெட்ரோலியம் சம்பந்தப்பட்ட எதுவும் அதன் மேல் படக் கூடாது. போடும் முன் கொஞ்சம் டால்கம் பவுடர் தடவுங்கள், போதும். ஆபீஸ் மீட்டிங்கில் ஆட்டுகிற மாதிரியே நான் தலையை ஆட்டினேன். செந்தில் அவருடைய பனி அள்ளும் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். சீல் பழசு என்பது மட்டும் அவர் காதில் விழுந்திருக்கிறது. அந்தக் குறையைச் சொல்லி விலையைக் குறைத்தார். பார்க்வேயில் திரும்ப ஏறும்போது குறையை மறந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஹாலில் போட்டுப் பார்த்தேன். கால் போனது. கை போனது. தலை பாதி போய், காதில் நின்றது. செந்தில் சோபாவில் ஏறி நின்று இழுத்தார். ஒரு வழியாகத் தலை வெளியே வந்தபோது கழுத்தை யாரோ இரண்டு கையாலும் பிடித்திருப்பது போல இருந்தது.

"ஏங்க, மூச்சு முட்டுதுங்க."

"டைட்டா இருந்தாத்தான மதி தண்ணி உள்ள போகாது?"

"தண்ணி மட்டுமில்லீங்க. காத்தும் போகல."

அதைக் கழற்றுவது போட்டதைவிடப் பெரிய வேலையாக இருந்தது. என் காதுகள் இரண்டும் தக்காளி நிறத்தில் இருந்தன. மாற்று சீலுக்கு ஆர்டர் போட்டு, ஒட்டக் கொடுத்து வாங்குவதற்குள் டிரிப் முடிந்துவிடும் என்று செந்தில் சொன்னார். அப்போது அந்த யோசனையைச் சொன்னவள் நான்தான். (இன்றுவரை செந்தில்தான் சொன்னார் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். அவரும் அலுத்துப்போய் ஒத்துக்கொண்டுவிட்டார்.)

"கொஞ்சம் தேங்கா எண்ணெ தடவுனா வழுக்கிட்டுப் போயிரும்ல?"

விரலில் மோதிரம் மாட்டினால் தேங்காய் எண்ணெய். கதவு கிறீச்சிட்டால் தேங்காய் எண்ணெய். குளிர்காலத்தில் உதடு வெடித்தால் தேங்காய் எண்ணெய். எங்கள் வீட்டில் அதற்குக் கட்டுப்படாத பொருள் இல்லை. பெரிய பாட்டிலைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து யாழினி மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"ஆர் யூ சப்போஸ்ட் டு டூ தட்?"

"பெட்ரோலியம்தான் கூடாதுன்னாரு" என்றார் செந்தில். "இது தேங்காய்ம்மா. நேச்சுரல்."

அவள் எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சீரியல் கிண்ணத்தோடு மேலே போய்விட்டாள்.

இதில் எனக்கு இன்றும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. நான் வேதியியல் படித்தவள். மருந்துக் கம்பெனியில் தரப் பரிசோதனையில் வேலை பார்த்தவள். பலாப்பழம் வெட்டும்போது பிசின் ஒட்டாமல் இருக்கக் கையில் எண்ணெய் பூசிக்கொள்வதை ஒவ்வொரு கோடையிலும் செய்கிறவள். எண்ணெய் பட்டால் பலாப் பால் இளகிவிடும் என்று என் கைக்குத் தெரியும். அந்தப் பாலும் இந்த ரப்பரும் ஒரே குடும்பம் என்பது என் மூளைக்கு எட்டவில்லை.

கழுத்து சீல், மணிக்கட்டு சீல் எல்லாவற்றுக்கும் தாராளமாக எண்ணெய் தேய்த்தேன். கழுத்து இன்னும் விரியட்டும் என்று அதை இட்லிப் பானையின் மேல் இழுத்து மாட்டினேன். பீட்டர் வீட்டு நாய் வாசம் போகட்டும் என்று வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மர டெக்கில் நல்ல வெயிலாகப் பார்த்துக் காயப்போட்டேன். கழுத்தில் இட்லிப் பானையோடு ஒரு மஞ்சள் மனிதர் எங்கள் டெக் நாற்காலியில் அந்த வாரம் முழுவதும் உட்கார்ந்திருந்தார். பின் வீட்டுக்காரர் நாயை நடத்திப் போகும் வழியை மாற்றிக்கொண்டார். வார முடிவில் சீல் குழைந்து மெத்தென்று ஆகியிருந்தது. தலை ஒரே இழுப்பில் உள்ளே போனது.

"பாத்தீங்களா" என்றேன் செந்திலிடம். என்ன ஒரு கர்வம்.

டிரிப் அன்று ஏரிக்கரையில் டயேன் எங்களை வரிசையாக நிற்க வைத்தார். சூட்டுக்குள் மாட்டிக்கொண்ட காற்றை முதலில் வெளியேற்ற வேண்டுமாம். கழுத்து சீலை விரலால் லேசாக விலக்கிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். புஸ்ஸென்று காற்று வெளியே வரும். மற்றவர்கள் ஒருமுறை உட்கார்ந்தார்கள். நான் பிள்ளையாருக்குப் போடுகிற தோப்புக்கரணம் போல வேகவேகமாகப் போட்டேன். ஒவ்வொரு முறை எழும்போதும் வெளியே போனதைவிட அதிகமாகக் காற்றை உள்ளே அழைத்துக்கொண்டேன் என்பது பின்னால்தான் தெரிந்தது. பீட்டரின் உயரத்துக்குத் தைத்த கால்கள் வேறு எனக்குக் கணுக்காலில் மடிப்பு மடிப்பாகக் குவிந்திருந்தன. யாழினி கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள். எனக்கே என்னிடமிருந்து தள்ளி நிற்கத் தோன்றியது.

படகில் ஏறும் முன் கரையோரத்தில் இறங்கி, லைஃப் ஜாக்கெட்டோடு மல்லாந்து மிதந்து பார்க்கச் சொன்னார் டயேன். சாய்ந்தேன். கழுத்தைத் திருப்பி, யாழினி பார்க்கிறாளா என்று பார்த்தேன். அந்தத் திருப்பலில் சீல் காதுக்குக் காது கிழிந்தது. சத்தம்கூட வரவில்லை. ஊறிய அப்பளத்துக்கு ஏது சத்தம்.

ஏரி உள்ளே வந்தது. மூச்சு நின்று, பிறகு தாறுமாறாக வந்தது. உள்ளே இருந்த காற்றெல்லாம் காலுக்கு ஓடியதால் கால்கள் இரண்டும் வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டன. முதுகு நனைய நனைய, உயிர் போகப் போகிறது என்றே நம்பினேன். சாகப்போகிற நேரத்தில் நான் சொன்ன வார்த்தைகளுக்குக் குழுவினர் அனைவரும் சாட்சி. அவர்களுக்குத் தமிழ் தெரியாதது என் அதிர்ஷ்டம்.

"யாழினி, கிச்சன் கவுண்டர்ல மாவு வெச்சிருக்கேன், பொங்கிரும். அப்பாகிட்ட சொல்லு. ஐயோ முருகா, கார் சாவி என் கோட்டுல இருக்கு."

யாழினி நடந்து வந்தாள். நீந்தவில்லை, நடந்துதான் வந்தாள். என் தலைமாட்டில் நின்று, தோளில் கை வைத்து, நிதானமாகச் சொன்னாள்.

"ஒண்ணும் ஆகல கண்ணு. எந்திரிச்சு நில்லு."

காலை ஊன்றி எழுந்து நின்றேன். தண்ணீர் இடுப்பளவு இருந்தது.

அந்த வாக்கியம் என்னுடையது. ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் நாங்கள் முதலில் இருந்த அபார்ட்மெண்ட் வாசலில் அவள் சைக்கிள் பழகிய நாட்களில், விழுந்த ஒவ்வொரு முறையும் நாற்காலியிலிருந்து எழுந்திரிக்காமல் நான் சொன்னது. அதே இழுவை, அதே 'கண்ணு'. எங்கே வைத்திருந்தாளோ இத்தனை வருடம். குளிரில் பற்கள் தந்தியடித்ததால் நான் அழுததை யாரும் கவனிக்கவில்லை.

நிற்க முடிந்ததே தவிர நடக்க முடியவில்லை. நின்றதும் காற்று மேலே போய், தண்ணீர் காலுக்கு இறங்கிவிட்டது. யானைக்கால்களோடு தவழ்ந்து கரையேறினேன். கரையிலிருந்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்த செந்தில் ஒரு காலையும் யாழினி ஒரு காலையும் பிடித்துத் தூக்க, தலைகீழாக என்னைக் கவிழ்த்துக் கழுத்து வழியாக ஏரியை ஏரிக்கே திருப்பி ஊற்றினார்கள். டயேன் கிழிந்த சீலைத் தொட்டார். விரலில் ஒட்டிக்கொண்டு வந்ததை மோந்து பார்த்தார். அவர் முகம் மாறியது.

"கோகனட்?" என்றார்.

"நேச்சுரல்" என்றாள் யாழினி, அப்பாவைப் பார்த்து.

குழு படகுகளோடு கிளம்பியது. நீ போ, அப்பா இருக்கார், நான் காரில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். "ஐ'ம் குட்" என்று சொல்லிவிட்டு அவளும் பின் சீட்டில் என் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். ஹீட்டரை முழுதாக வைத்தோம். கம்பளிக்குள் நான் நடுங்க, மதியத்துக்குக் கட்டியிருந்த புளிசாதத்தைக் காலையிலேயே பிரித்து அவள் எனக்கு ஸ்பூனில் ஊட்டினாள். நடுவில் என்னைப் பார்த்து, "மாவு பொங்கிரும்" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தவள், வீடு வரும்வரை நிறுத்தவில்லை. அந்த ஒரு காலைப் பொழுதுக்காகத்தான் இவ்வளவும் என்றால், பொழுது எனக்குக் கிடைத்துவிட்டது. கயாக் மட்டும் கிடைக்கவில்லை.

சூட்டுக்குப் புது சீல் போட்டாயிற்று. அது இப்போது பேஸ்மெண்டில், வெயில் படாத மூலையில் தொங்குகிறது. மாதம் ஒருமுறை போய் ஜிப்புக்கு மெழுகு தேய்த்து, சீலுக்குப் பவுடர் போட்டுவிட்டு வருகிறேன். பெற்ற பிள்ளைக்கு இவ்வளவு பவுடர் போட்டதில்லை. இட்லிப் பானையைப் பார்க்கிற உறவினர்களுக்கெல்லாம் செந்தில் வீடியோவைக் காட்டிவிடுகிறார். வீட்டில் யார் எதற்கு முனகினாலும், ஸ்னோ தள்ளினாலும், டாக்ஸ் வேலை செய்தாலும், மற்ற இரண்டு பேரும் சேர்ந்து சொல்வது அந்த வாக்கியத்தைத்தான்.

போன குளிர்காலத்தில் எனக்கு வேலை போனது. வருடக்கணக்கில் போன ஆபீஸ். ஒரு சின்ன வீடியோ காலில் முடித்துவிட்டார்கள். செந்தில் ஆறுதல் சொன்னார், சிநேகிதிகள் ரெஸ்யூமே அனுப்பச் சொன்னார்கள். நான் பட்டப்பகலில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சோபாவில் மல்லாந்து கிடந்தேன். கல்லூரியிலிருந்து யாழினி ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். அதில் ஹலோகூட இல்லை. அதே இழுவையில் அந்த ஒரு வாக்கியம் மட்டும்தான் இருந்தது.

எழுந்து நின்று பார்த்தேன். இந்த முறையும் தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது.