துரையும் ஒரு தாம்பூலப் பையும்

பத்தொன்பது வருடமாகத் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தயவு தாட்சண்யம் பார்க்காமல் "ரிஜெக்ட், எடுத்துட்டுப் போ" என்று சொல்வதற்குத்தான் கம்பெனி எனக்குச் சம்பளம் தருகிறது. உயிரில்லாத இரும்பிடம் அதைக் கம்பீரமாகச் சொல்வேன். உயிருள்ள யாரிடமும் இதுவரை ஒரு தடவைகூட "முடியாது" என்று சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. அப்படித்தான் என் வீட்டுக்குத் துரை வந்தது.

துரை ஒரு நாய். மூக்கண்டப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியை இழுத்து மூடினார்கள். அங்கே பத்து வருடமாக கேட்டிலேயே வளர்ந்த கிழட்டு நாய் இது. ஆட்களெல்லாம் போன பிறகும் பூட்டின கேட்டைவிட்டு நகரவில்லையாம். தெரு நாய்களைக் காப்பாற்றுகிற ரேஷ்மா என்ற பெண் அதைத் தூக்கிக்கொண்டுபோய்த் தங்கள் ஷெட்டில் விட்டாள். ரேஷ்மா என் மகள் தர்ஷினிக்கு டியூஷன் டீச்சரும்கூட. (இங்கேதான் நான் மாட்டினேன். மகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறவர்களிடம் எந்தத் தகப்பன் வாலாட்டுவான்?)

"ஷெட்டுல நாப்பது நாய் இருக்கு அங்கிள். இவன் வந்ததுல இருந்து சோத்தைத் தொடல. யாராவது தத்தெடுக்கிற வரைக்கும் உங்க வீட்டுல வெச்சிருங்க. பதினஞ்சே நாள். இவன் இன்னொரு தடவை ஷெட்டுக்குப் போனா தாங்க மாட்டான்."

நான் வாயைத் திறப்பதற்குள் தர்ஷினி நாயைக் கட்டிப் பிடித்திருந்தாள். நான் "சரிம்மா" என்றேன். என் மனைவி கோமளா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரர் வெங்கடேசப்பா, "மாசக் கடைசி வரைக்கும்தான். ஒண்ணாம் தேதி நாய் இருந்தா நீங்க இருக்க மாட்டீங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்துக்கொண்டு சொன்ன எதையும் செய்யாமல் விட்டதில்லை.

துரை பரம சாதுவாக இருந்தது. குரைக்கவில்லை, கடிக்கவில்லை. போட்டதைச் சாப்பிட்டது. ஆகா, தங்கம் என்று முதல் நாள் நினைத்தேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற கம்பெனியில் ஷிப்ட் சங்கு ஊதியது. துரை எழுந்தது. சோம்பல் முறித்தது. நேராகப் போய் எங்கள் கேட்டுக்குக் குறுக்கே உட்கார்ந்தது. நான் சாப்பாட்டுப் பையோடு போனேன். பையின் கைப்பிடியைப் பல்லால் பிடித்துக்கொண்டது. இழுத்தால் தொண்டைக்குள் "உர்ர்" என்றது. கோபமெல்லாம் இல்லை. ஏதோ விதிமுறை சொல்கிற மாதிரி இருந்தது.

வெறுங்கையோடு போனால் விட்டுவிடும். உள்ளே யார் எதை எடுத்துக்கொண்டு வந்தாலும் கேட்காது. வெளியே மட்டும் ஒரு துரும்பு போகக் கூடாது. சங்கு ஊதியதிலிருந்து இரண்டு மூன்று மணி நேரம் இந்த டியூட்டி. காலை ஆறு, மதியம் இரண்டு, ராத்திரி பத்து.

பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? ஐஎஸ்ஓ தணிக்கையையே நேருக்கு நேர் சந்தித்த சீனியர் இன்ஸ்பெக்டரான நான், தினமும் காலையில் சாப்பாட்டுப் பையைக் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே வீசிவிட்டு, கையை விரித்துக் காட்டி, நாயைத் தாண்டிப் போய், சாலையில் கிடக்கிற பையைப் பொறுக்கிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினேன். முதல் வாரம் முழுக்க என் சாம்பார் பைக்குள்ளேதான் இருந்தது, டிபன் பாக்ஸுக்குள் இல்லை. வெங்கடேசப்பா சந்தைக்குப் போகிற காலிப் பையைக்கூட மடித்து வேட்டிக்குள் செருகிக்கொண்டு போனார். "ஏமி சார் இதி! என் வீட்டுல இருந்து நான் திருடிட்டுப் போற மாதிரி இருக்குது!" என்று தினமும் தெலுங்கு கலந்து திட்டினார்.

தத்தெடுக்க ஆள் தேட வேண்டும். வாட்ஸப்பில் போட ஒரு விளம்பரம் எழுதித் தரச் சொன்னாள் ரேஷ்மா. எனக்குத் தெரிந்த எழுத்து ஒன்றுதான். எழுதினேன்: "பார்வைச் சோதனை: இடது காது நுனி கிழிந்துள்ளது. பற்கள் மூன்று குறைவு. வாய் நாற்றம் உண்டு. இயக்கச் சோதனை: பின் வலது கால் காலையில் பிடித்துக்கொள்ளும். குறிப்பு: பையுடன் வெளியே செல்வோரைத் தடுக்கும்."

"அங்கிள், நாய்க்கு வீடு தேடுறீங்களா, ஸ்கிராப்புக்கு ஆள் தேடுறீங்களா?" என்றாள் ரேஷ்மா.

மூன்று வாரத்தில் ஒரே ஒரு போன் வந்தது. அவருக்கு லேப்ரடார் குட்டி வேண்டுமாம்.

மாதம் முடிய நாலு நாள். இன்னொரு பக்கம் துரையோ எங்களை நம்ப ஆரம்பித்திருந்தது. நான் வேலை முடிந்து வந்தால் எழுந்துவந்து என் முட்டியில் தலையை முட்டும். அதை மறுபடி ஷெட்டுக்கு அனுப்புவதை நினைத்தாலே சாப்பாடு இறங்கவில்லை. கோமளாதான் வழி சொன்னாள்.

"எல்லாத்தையும் எதுக்கு எழுதுறீங்க? நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி எங்கப்பா உங்ககிட்ட எல்லாத்தையும் சொன்னாரா?"

(என்ன சொல்லவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியம் இல்லை.)

புது விளம்பரத்தில் "அமைதியான, பொறுப்பான நாய்" என்று மட்டும் போட்டோம். மறுநாளே சூளகிரியிலிருந்து சிவலிங்கம் என்பவர் கூப்பிட்டார். ரிட்டையர் ஆனவர், நிழல்வலை போட்டுக் குடைமிளகாய் பயிர் செய்கிறார். வளர்த்த நாய் செத்துப்போய் வீடு வெறிச்சென்று இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

நான் ராணுவத் தளபதி மாதிரி திட்டம் போட்டேன். பதினோரு மணிக்கு வர வேண்டும். ஒரு மணிக்குள் கிளம்ப வேண்டும். இரண்டு மணிச் சங்குக்கு முன்னால் காரும் நாயும் தெருமுனையைத் தாண்டியிருக்க வேண்டும். (பின்தெருக் கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம்.) கைப்பையைக் காரிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னேன். "எங்க தெருவுல குரங்குத் தொல்லை" என்று புளுகினேன்.

பதினோரு மணிக்கு வரவில்லை. ஹைவேயில் ஒரு கன்டெய்னர் லாரி குறுக்கே நின்றுவிட்டது. ஒன்றரைக்கு வந்தார்கள். சிவலிங்கம் ஒல்லியாக, சட்டைப் பையில் மூன்று பேனாவோடு இருந்தார். அவர் மனைவி பாக்கியம்மா உட்கார்ந்த உடனே துரை போய் அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டது. அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க ராமுவும் இப்பிடித்தான் வெப்பான்" என்றார். தர்ஷினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். கேசரியை அவசர அவசரமாகத் தின்ன வைத்தேன்.

ஒன்று ஐம்பத்தைந்துக்கு எல்லோரும் எழுந்தோம். நான் காற்றில் மிதந்தேன். அப்போது கோமளா, "ஒரு நிமிஷங்க்கா" என்று உள்ளே ஓடி, ஒரு மஞ்சள் துணிப் பையோடு வந்தாள். தேங்காய், வெற்றிலை பாக்கு, ஜாக்கெட் துணி. வீட்டுக்கு வந்த சுமங்கலியை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதல்லவா! குங்குமம் வைத்து, பையைக் கையில் கொடுத்தாள். சங்கு ஊதியது.

துரை பாக்கியம்மாவை விட்டு விலகி, நிதானமாக நடந்து, கேட்டில் குறுக்கே உட்கார்ந்தது. அந்த அம்மா கிட்டே போனதும் மஞ்சள் பையை வாயால் பிடித்தது. "உர்ர்."

"அய்யோ! என்னங்க இது? இப்பதான மடியில படுத்திருந்துச்சு?"

"பையைச் சுவருக்கு மேலே வீசிருங்கம்மா" என்றேன், பழக்க தோஷத்தில்.

பாக்கியம்மா என்னைப் பார்த்தார். "தாம்பூலத்தையா? வீசுறதா?"

கோமளா தலையில் அடித்துக்கொண்டாள். வீசவும் கூடாது, கீழே வைத்துவிட்டுப் போகவும் கூடாது, கொடுத்தவர்களே திரும்ப வாங்கவும் கூடாது. பிஸ்கட் காட்டினேன். கோழிக்கறி காட்டினேன். கும்பிட்டேன். துரை பையை விடவில்லை. இரண்டேகால் ஆனது. இரண்டரை ஆனது. தெருவே வேடிக்கை பார்த்தது. மாடியிலிருந்து வெங்கடேசப்பா, "இன்னும் ரெண்டு நாளு சார்!" என்று ஞாபகப்படுத்தினார்.

வேறு வழியில்லாமல் சிவலிங்கத்திடம் உண்மையைச் சொன்னேன். ஒரு மாதமாகப் பையை வீசுவதை, குரங்குப் பொய்யை, எல்லாவற்றையும். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு பழுதை மறைத்து அனுப்பப் பார்த்தேன், அதுவும் கேட்டைக்கூடத் தாண்டவில்லை.

"ஏன் சார், முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றார் அவர். பாக்கியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். போச்சு, துரை ஷெட்டுக்குத்தான் என்று தெரிந்துவிட்டது. தர்ஷினி தேம்ப ஆரம்பித்தாள். எனக்கும் அழுகை முட்டியது.

தர்ஷினிதான் அழுதுகொண்டே ரேஷ்மாவுக்குப் போன் போட்டாள். ரேஷ்மா எங்கோ விசாரித்து, அந்த மூடின கம்பெனியின் பழைய வாட்ச்மேன் முனியப்பாவின் நம்பரைப் பிடித்துக் கொடுத்தாள். அவர் இப்போது தேன்கனிக்கோட்டைப் பக்கம் சொந்த ஊரில் ராகி போடுகிறார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"நம்ம துரையா! நல்லாக்கீறானா சார்? இங்க சிறுத்தை வந்து நாயைத் தூக்கிருது, அதான் இட்டுன்னு வரல. என்னா பண்றான்?"

சொன்னேன்.

"கேட் பாஸ் குடுத்தீங்களா?"

"என்னது?"

"பாஸ் இல்லாம பொருளை எப்பிடி சார் வெளிய விடுவான்? நானே வுட்டாலும் அவன் வுட மாட்டான். பத்து வருசம் எங்கூட டூட்டி பாத்தவன் சார்."

நோட்டுத் தாளைக் கிழித்துக் காட்டினேன். துரை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. என் ஆதார் ஜெராக்ஸைக் காட்டினேன். அதற்கும் மரியாதை இல்லை.

"கார்பன் வாசனை வரணும் சார்" என்றார் முனியப்பா. "அவன் எதுர்லயே எழுதி, பர்ர்ருனு கிழிக்கணும். சத்தம் கேக்கணும்."

இந்தக் காலத்தில் கார்பன் தாளுக்கு எங்கே போவது? மாடியிலிருந்து தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. வெங்கடேசப்பாவுக்குச் செங்கல் சூளை உண்டு. லோடு அனுப்புகிற சலான் புத்தகத்தை, கார்பனோடு, ஒரு கயிற்றில் கட்டி மாடியிலிருந்து இறக்கினார். (புத்தகத்தோடு கீழே வந்தால் துரை பிடித்துக்கொள்ளுமோ என்ற பயம்.)

சிவலிங்கம் புத்தகத்தை என் கையிலிருந்து பிடுங்கினார். "குடுங்க. இருபத்தெட்டு வருஷம் கம்பெனி ஸ்டோர்ஸ்ல கேட் பாஸ் எழுதினவன் நான்." நாய்க்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தேங்காய் ஒன்று, வெற்றிலை ஒரு கட்டு, துணி ஒன்று என்று அழகாக எழுதி, கையெழுத்துப் போட்டு, பர்ர்ரென்று கிழித்து நீட்டினார்.

துரை முகர்ந்தது. பையை விட்டது. எழுந்து, ஓரமாக ஒதுங்கி நின்றது.

சிவலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் எழுதின பாஸை எந்த டைரக்டரும் இப்படி மதிச்சதில்ல சார்" என்றார். பாக்கியம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இவனைக் கூட்டிட்டுப் போலாங்க. ரெண்டு பேரும் ஒத்துப்போவீங்க" என்றார்.

கார்க் கதவைத் திறந்தோம். துரை கேட் வரைக்கும் வந்தது. நின்றது. திரும்பி வந்து என் காலடியில் உட்கார்ந்து, என் முகத்தையே பார்த்தது.

"அவனுக்கு பாஸ் எழுதலையே" என்றார் சிவலிங்கம். சலானில் இரண்டு கட்டம் வரைந்து புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். "உங்க வீட்டுப் பொருள், நீங்கதான் எழுதணும். ஒண்ணு ரிட்டர்னபிள், ஒண்ணு நான்-ரிட்டர்னபிள். டிக் பண்ணலைன்னா செல்லாது."

நாய் ஒன்று, பெயர் துரை என்று எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. ஒரு மாதமாக எப்போது தொலையும் என்று நாள் எண்ணியவன் நான். இப்போது திரும்பி வரும் என்று டிக் செய்யத்தான் மனசு துடித்தது. திரும்பி வந்தால் அதற்கு ஷெட்டுதான். இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டுக் கிழித்தேன். துரை முகர்ந்தது, ஒரு தடவை என் முட்டியில் முட்டியது, போய்க் காரில் ஏறிக்கொண்டது. நான் நடுத்தெருவில், மொத்தத் தெருவும் பார்க்க, மூக்கு ஒழுக அழுதேன். வெங்கடேசப்பா கயிற்றை ஆட்டி, "சார், புக்கு" என்றார்.

அப்புறம் மூன்று வருடம் துரை சூளகிரியில் டியூட்டி பார்த்தது. பாஸ் இல்லாமல் அங்கே ஒரு குடைமிளகாய்கூட வெளியே போனதில்லையாம். போன தை மாதம் சிவலிங்கம் போன் செய்தார். குரலே சரியில்லை. "தூக்கத்துலயே சார். யார்கிட்டயும் பாஸ் வாங்காம போயிட்டான்."

எங்கள் வீட்டில் இன்றைக்கும் யார் பையைத் தூக்கினாலும் "பாஸ் எங்கே?" என்றுதான் கேட்கிறோம். சொந்தக்காரர்கள் எங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள். போன மாதம் தர்ஷினி கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குக் கிளம்பினாள். ஆட்டோ வந்து நின்றது. அவளே வெங்கடேசப்பாவிடம் சலான் வாங்கி, மகள் ஒன்று என்று எழுதி, ரிட்டர்னபிள் கட்டத்தில் பெரிதாக டிக் போட்டு, பர்ர்ரென்று கிழித்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோமளா வந்து என் தோளைத் தொட்டாள். அப்போதுதான் பார்த்தேன். நான் கேட்டுக்குக் குறுக்கே நின்றுகொண்டு, தர்ஷினி பெட்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

"விடுங்க துரை. அதான் பாஸ் இருக்குல்ல" என்றாள் கோமளா.