காட்டுக் கொசு

தேசியப் பூங்காவுக்குக் கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது கல்யாணராமனின் கைப்பேசிக்கு அந்தச் செய்தி வந்தது. பூங்காவின் காவலர்கள் மூன்று பேருக்கு டெங்கு.

"காட்டுக் கொசு கடிச்சா என்ன ஆகும்னு தெரியுமோ?" என்றார் மனைவி கமலாக்ஷியிடம், கையிலிருந்த கொசு பேட்டால் மட்டாஞ்சேரி வீட்டுக் கொசுக்கள் நாலைந்தைப் பொரித்துக்கொண்டே.

"அப்போ இதெல்லாம் என்னவாக்கும்?"

"இது நம்ம கொசு. கடிச்சுக் கடிச்சுப் பழகிடுத்து."

கமலாக்ஷிக்குக் கோபம் வந்தது. காட்டில் யானை பார்க்கவேண்டும் என்பது அவளுடைய எட்டு வருஷத்து ஆசை. ஒருமுறை நிலச்சரிவு பயம், இன்னொரு முறை அட்டை பயம் என்று இரண்டு தடவை கடைசி நேரத்தில் ரத்து செய்தவர் அவர். இந்தத் தடவை அவர் வராவிட்டாலும் தனியாகவே போவதாகச் சொல்லிவிட்டாள். அவளைத் தனியாக அனுப்பவும் அவருக்குப் பயம்.

கொசு விரட்டும் களிம்பு வாங்கிப் பூசிப் பார்த்தார். கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்தது. சரி என்று நொச்சியிலைக்கு மாறினார். மொட்டைமாடி டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டு, இலையை அரைத்துக் கலக்கி, இருவர் துணிகளையும் ஊறப்போட்டார். குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று யாருக்கும் தெரியாததால் அந்த டிரம் நிறைந்தே இருக்கும். அதன் மூடி கோடையில் அப்பளம் காயவைக்கப் போனது, திரும்பி வரவில்லை. பக்கத்து லாட்ஜ் ஜன்னலில் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

கமலாக்ஷியின் புதுப் புடவை பாசி நிறமாகிவிட்டது. நாற்றத்தை மறைக்கச் சாம்பிராணி போட்டார். அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

"இதுக்குக் கொசுவே தேவலை" என்றாள்.

எப்படியோ கிளம்பினார்கள். முழுக்கைச் சட்டை, குரங்குக் குல்லாய், கையுறை, காலில் இரண்டு ஜோடி உறை என்று ஜீப்பில் ஏறியவரைப் பார்த்து மற்றவர்கள் பின்சீட்டையே காலி செய்து கொடுத்தார்கள்.

பூங்கா வாசலில் காவலர் சுடலைமணி பதிவேட்டைத் திறந்து பெயர் எழுதிக்கொண்டார். கல்யாணராமன் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த மூணு பேரைக் கொசு கடிச்சது எந்தப் பக்கம்? அந்தப் பக்கம் நாங்க போகலை."

"காட்டுல இல்ல சார். டிரெயினிங்னு மட்டாஞ்சேரிக்குப் போயி, ஒரு லாட்ஜ்ல பத்து நாள் தங்கினாங்க. பக்கத்து மொட்டைமாடியில எந்தப் புண்ணியவானோ டிரம்மை மூடாம வச்சிருந்தானாம். அது கெடக்கட்டும், உங்களுக்கு எந்த ஊரு?"