முப்பத்தேழு பொய்மீன்களும் ஒரு கொடுவாவும்

வாழ்க நீ, முப்பத்தேழு பொய்மீன்களின் தலைவனே! கார்பன் எலும்பும் நைலான் நரம்பும் கொண்ட நான்கு தூண்டில்களைத் தோளில் ஏந்தியவனே, யாங்கோன் நகரத்துப் பசுந்தாங் பேட்டையின் மூன்றாம் மாடியிலிருந்து படிகள் அதிர இறங்கி, தன்லியின் ஊருக்குப் போகும் பஸ்ஸில் நாற்பது பேருடைய கண்களையும் கம்பி முனையால் அச்சுறுத்தி, பாகோ ஆற்றுப் பாலத்தைக் கடந்து வந்த பெருவீரனே, ஆறு ஞாயிறுகளில் ஒரு மீனுக்கும் தீங்கு செய்யாத கருணைக் கடலே, வாழ்க! இன்று ஏழாம் ஞாயிறு. இன்றாவது உன் கையில் ஒன்று சிக்கித் தொலையட்டும்.

இப்படி மனத்துக்குள் கட்டியம் கூறிக்கொண்டிருந்த ராதாமணியின் வாயிலிருந்து வெளியே வந்தது வேறு.

“டீ ஊத்தட்டாங்க?”

“ஷ்ஷ்,” என்றார் அவள் கணவர் சுரேந்திரன், காசு கட்டித் தூண்டில் போடும் அந்தக் குளத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “மீனுக்குக் காது உண்டு.”

க்யிம்யிண்டைங் படகுத்துறையின் அரிசிக் கிடங்கில் இருபத்தாறு ஆண்டுகளாக மூட்டைகளுக்குச் சீட்டு எழுதிவந்த இந்த மாவீரர், சென்ற மழைக்காலத்தின் ஒரு மாலையில், தாய்லாந்துக்காரன் ஒருவன் பிளாஸ்டிக் குஞ்சுமீனை வீசித் தன் தொடைப் பருமனுள்ள கொடுவாவை இழுத்துப் போடும் காட்சியைக் கைப்பேசியில் கண்டார். கண்ட கணத்தில் கிடங்கு மறைந்தது, அரிசி மறைந்தது, மனைவி சற்றே மங்கினாள். அன்றிரவே சமையலறை முருகன் படத்தின் முன் நின்று அவர் ஒரு சபதம் செய்தார்: “என் கையால ஒரே ஒரு கொடுவா. அதுக்கப்புறம் எல்லாத்தையும் யாருக்காவது தூக்கிக் கொடுத்துடறேன்.”

அந்தச் சபதத்தைத்தான் ராதாமணி ஏழு வாரமாகப் பற்றிக்கொண்டிருந்தாள். வாரத்தில் ஆறு நாள் அவள் ஊராருக்கு ரவிக்கை தைக்கிறாள். கை இப்படி இருக்கவேண்டும், கழுத்து அப்படி இருக்கவேண்டும் என்று ஆறு நாளும் யாராவது அவளுக்கு எதையாவது விளக்கிக்கொண்டே இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தையல் மெஷின்மேல் துணியைப் போர்த்திவிட்டு, பின்பக்க பால்கனியில், யாரும் எதையும் விளக்காத இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். அந்த நேரத்தில் அவள் எதையும் பெரிதாக நினைத்ததில்லை. நினைக்காமல் இருக்கக் கிடைத்ததே போதுமாயிருந்தது. கொடுவா அதைக் கொண்டுபோய்விட்டது. ஏனென்றால் ஐம்பது வயதைக் கடந்த வீரரின் கண்கள் பொய்மீனின் ஊசிக்காதளவு வளையத்தைக் காணமாட்டா. அவர் போட்ட முடிச்சுகள் தண்ணீரைத் தொட்டதும் அவிழ்ந்துகொள்ளும். மின்சாரம் போன இருட்டிலும் ஊசியில் நூல் கோர்ப்பவளான ராதாமணி இல்லாமல் இந்தப் படை புறப்பட முடியாது.

படைக்குச் சட்டங்கள் உண்டு. அவற்றுள் தலையாயது மணச்சட்டம். மனித வாசனை கொடுவாவை விரட்டும் என்று தாய்லாந்துக்காரன் அருளியிருந்தான். ஆகவே முடிச்சுப் போடும் முன் அவள் மூன்று முறை கை கழுவவேண்டும். அதைவிட முக்கியமாக, வாசமுள்ள தனகாக் கட்டையின் சாந்தை முகத்தில் பூசக்கூடாது. யாங்கோனில் பிறந்து வளர்ந்த பெண்ணிடம், வெயிலில் கிளம்பும்போது கன்னத்தில் தனகாச் சாந்து கூடாதென்பது செருப்பில்லாமல் தாரோட்டில் நடக்கச் சொல்வதைப்போல. ஆறு ஞாயிறுகள் அவள் வெறும் கன்னத்தோடு வந்து காய்ந்தாள்.

இன்று காலை கட்டையைக் கல்லில் நன்றாக உரசி, இரண்டு கன்னத்திலும் வட்ட வட்டமாக, தடிப்பாக அப்பிக்கொண்டாள். வேண்டுமென்றேதான். சண்டை வரும் என்று தெரியும். அதற்கான தன் பக்க வசனங்களையும் படியிறங்கும்போதே ஒத்திகை பார்த்திருந்தாள். ஆனால் வீட்டில் சண்டை வரவில்லை, பஸ்ஸில் வரவில்லை, பாலத்தில் வரவில்லை. வீரர் வானத்தைப் பார்த்தார், காற்றைப் பார்த்தார், ஆற்றின் நிறத்தைப் பார்த்தார். அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. ஒத்திகை பார்த்த வசனங்கள் அவளுக்குள் புளித்துக்கொண்டிருந்தன.

இனி ஆயுதசாலையின் பெருமையைக் கேளுங்கள். நீலப் பெட்டியின் மூடி திறந்ததும் முப்பத்தேழு பொய்மீன்கள் முப்பத்தேழு ஜோடிக் கண்களால் விழித்தன. வெள்ளியுடல் கொண்டு ஆழத்தில் நெளிவன ஒன்பது. மல்லாந்த வாயால் நீர்மேல் ‘பளக்’ என்று உமிழும் பாப்பர்கள் பதினொன்று. காலில் பட்டுக் குஞ்சம் கட்டிய ரப்பர்த் தவளைகள் ஆறு. மற்றவை எதைப் போலச் செய்யப்பட்டன என்பது செய்தவனுக்கே வெளிச்சம். கொடுவாவின் வாய்க்குள் போகவேண்டிய இவை, இதுவரை போயிருந்ததெல்லாம் குளத்தோரப் புளியமரத்தின் கிளைகளுக்குள்தான்.

இத்தகைய வீரனுக்கு எதிரி வேண்டாமா? இருந்தார். குளத்துக்குள் நீட்டிப் போட்ட எதிர்ப் பலகையில் கறுப்புக் கண்ணாடியும் கட்டம்போட்ட லோஞ்ஜியுமாக அமர்ந்திருந்த குடைக்கடை ஜுல்ஃபிகர், போன ஞாயிறு ஒரு கொடுவாவைப் பிடித்து, அதைத் தழுவியபடி எடுத்த படத்தை நாற்பத்துமூன்று பேருக்கு அனுப்பியவர். சுரேந்திரனுக்கு மட்டும் இரண்டு முறை அனுப்பியவர்.

“வாங்க கோ சுரேன்! இன்னிக்கும் மீனுங்களுக்குப் பொம்மைக் கண்காட்சியா?” என்றார் அவர், பர்மிய ‘கோ’வில் அண்ணன் மரியாதை காட்டி.

“பாய், போன வாரம் உங்களுக்கு மாட்டினது கண்ணு தெரியாத மீனு.”

“கண்ணு தெரியாட்டியும் என்னைத் தேடி வந்துச்சுல்ல? கண்ணு தெரிஞ்ச மீனுங்க உங்களைப் பாத்துட்டுத்தானே ஓடுது. தங்கச்சி, மொஹிங்கா சாப்ட்டியா?”

“சாப்ட்டாச்சு அண்ணே,” என்றாள் ராதாமணி.

“ஷ்ஷ்,” என்றார் சுரேந்திரன்.

பிறகு மூண்டது தத்துவப் போர். பொய்மீனை நீரில் இழுக்கும்போது இரண்டு சுண்டு சுண்டி நிறுத்தவேண்டும் என்பது சுரேந்திர மதம். மூன்று சுண்டு என்பது ஜுல்ஃபிகர் மதம். சமய வாதங்கள் பல கண்ட இப்பூவுலகில் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே இவ்வளவு பெரிய பள்ளம் இதுவரை தோண்டப்பட்டதில்லை. இருசுண்டர் மூச்சுண்டரைப் பொறுமையற்றவர் என்றார். மூச்சுண்டர் இருசுண்டரை மீனற்றவர் என்றார். அந்தச் சொல் தைத்தது.

சுரேந்திரன் எழுந்தார். தம் நெடிய தூண்டிலை எடுத்து, பொன்னிறப் பாப்பரை அதில் பூட்டச் செய்து (ராதாமணி மூன்று முறை கை கழுவிவிட்டுப் பூட்டினாள்), குளம் முழுவதும் கேட்க முழங்கினார்:

“ஞாயிறு கருடனோட நாளு. நான் சனிக்கிழமைப் பிறப்பு, நாகம். அதான் ஆறு வாரமா கடிக்கலை. இன்னிக்கு நான் என் தென்மேற்கு மூலையைப் பாத்து வீசப்போறேன். கருடன் என்ன செய்யுதுன்னு பாக்கலாம்!”

பர்மியச் சோதிடத்தின் எட்டுத் திசைகளும் மூச்சடக்கி நின்றன. தென்மேற்கு மூலையில் குளத்துக்காரர் ஊ தெய்ன் ஹ்லா தண்ணீரில் காற்றைக் கலப்பதற்காக மாட்டியிருந்த சக்கரம், நான்கு கைகளாலும் நீரை அறைந்தபடி சுழன்றுகொண்டிருந்தது. நாகம் அதைப் பொருட்படுத்தவில்லை. தூண்டில் வளைந்தது, விசும்பைக் கிழித்தது, பொன்னிறப் பாப்பர் காலை வெயிலில் ஒரு விண்மீன்போல் பறந்தது; பறந்து, தவறாமல், சக்கரத்தின் வாய்க்குள் விழுந்தது. சக்கரம் மகிழ்ச்சியோடு நூலைச் சுற்றிக்கொள்ளத் தொடங்கியது. ரீலின் வயிற்றிலிருந்து நூல் கொப்பளித்துப் பொங்கிச் சுருண்டு, இரண்டு காக்கைகள் குடித்தனம் நடத்தத்தக்க ஒரு கூடாக அவர் கையில் வந்து அமர்ந்தது.

“கடிச்சிருச்சு போல!” என்றார் ஜுல்ஃபிகர். “நல்ல வெயிட்டா கோ சுரேன்?”

சக்கரத்தை நிறுத்தினார்கள். சுரேந்திரன் தலைகுனிந்து கூட்டைப் பிரிக்க உட்கார்ந்தார். மிச்சமிருந்த தூண்டில்களில் மிகப் பழையதை, இடத்தை அடைக்கிறதே என்று, ராதாமணியிடம் நீட்டினார்.

“இதைச் சும்மா பிடிச்சுக்கிட்டு இரு. எதுவும் செய்யாதே.”

எதுவும் செய்யாதிருத்தல் அவளுக்கு மிகவும் பிடித்த காரியம். ஆயினும் கையில் ஒரு தூண்டில் இருந்தது. பெட்டி மூடியின் மூலையில், அவர் தகுதியற்றதென்று ஒதுக்கிய விரல்நீளப் பொய்மீன் ஒன்று கிடந்தது. வண்ணம் உரிந்து, ஒரு கண் விழுந்து, வயிற்று முள் துருவேறி. முப்பத்தேழில் அதைச் சேர்த்து எண்ணுவதுகூட இல்லை. ராதாமணி அதை எடுத்தாள். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. கன்னத்தில் வழிந்த வியர்வையை உள்ளங்கையால் துடைத்தாள். ஊறிப்போன தனகா கையோடு வந்தது. கழுவ எழுந்தவள், பிறகு உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கையாலேயே முடிச்சைப் போட்டாள். ஒற்றைக்கண் மீனின் மேனியெங்கும் மஞ்சளும் வெள்ளையுமாகச் சாந்து அப்பிக்கொண்டது. அதற்கும் வெயில்தானே என்று நினைத்தாள்.

அவள் மூலையைப் பார்த்து வீசவில்லை. பலகைக்குப் பத்தடி தள்ளி, நிழல் விழுந்த இடத்தில், இலைச்சருகைப் போடுவதுபோல் போட்டாள். இரண்டும் சுண்டவில்லை, மூன்றும் சுண்டவில்லை. நூல் மெல்ல அமிழ்ந்தது. தண்ணீர் மூடிக்கொண்டது. அந்த நூலின் மறுமுனையில் என்ன இருக்கிறதென்று இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்ததுபோல் அவளிடம் சொல்ல வருவாரும் இல்லை. ஏழு வாரமாகத் தொலைத்திருந்த பால்கனி, விரலில் பட்டிருந்த ஒரு நூலில் அவளிடம் திரும்பி வந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

அப்போது எழுந்தான் ஆழத்தின் அரசன்! வெண்செதில் கவசத்தான், செவ்விழியான், சேற்றுச் சிம்மாசனத்தை விட்டு மாலைக்குமுன் எழாத சோம்பேறிப் பேரரசன், தன் வாழ்நாளில் கண்டிராத அந்த மணத்தை நோக்கி வாயைப் பிளந்தான். ஒரு இழுப்பு. தூண்டில் வில்லாக வளைந்து நுனி நீரைத் தொட்டது. ரீல் அலறியது. ராதாமணி எழுந்து நின்றதும், அவள் காலில் உருண்ட டீ பிளாஸ்க் குளத்தில் விழுந்ததும், புளியமரத்துக் காக்கைகள் ஒருசேரப் பறந்ததும் ஒரே கணம்.

“தூக்கு! ராடைத் தூக்கு!” முழங்கினார் இருசுண்டர்.

“தாழ்த்து தங்கச்சி! தாழ்த்து!” முழங்கினார் மூச்சுண்டர்.

“எங்கிட்ட குடு! இப்படிக் குடு!”

“லூஸ் விடு, லூஸ் விடு!”

“விடாதே!”

நான்கு திசையிலிருந்தும் விளக்கங்கள் அம்புமாரியெனப் பொழிந்தன; அவள் காதில் ஒன்றும் தைக்கவில்லை. ஈரத்துணி மெஷினில் சிக்கும்போது கை என்ன செய்யுமோ அதையே அவள் கை செய்தது: இழுத்தால் விட்டது, விட்டால் இழுத்தது. அரசன் ஒரு முறை நீருக்கு மேலே எழும்பித் தலையை உதறினான், சூரியன் அவன்மேல் உடைந்து சிதறியது. அவளுக்குள் எழுந்தது பயம் இல்லை. பெயர் தெரியாத அதற்குப் பெயர் வைக்கவும் அவள் முயலவில்லை. ஊ தெய்ன் ஹ்லா முழங்காலளவு நீரில் இறங்கி, வலையில் அவனை ஏந்தி, “கௌங் தெ, கௌங் தெ,” என்று பர்மிய மொழியில் மெச்சிக்கொண்டே வந்து அவள் காலடியில் வைத்தார். ஜுல்ஃபிகருடைய போன வார மீன் இதற்குப் பேரன் முறை.

அந்தக் குளத்துச் சட்டப்படி படம் எடுத்ததும் மீனைத் திரும்ப விடவேண்டும். விட்டாள். இவ்வளவும் ஒரு மீனைக் குளத்திலிருந்து குளத்துக்கே கொண்டுசேர்க்கத்தானா என்று எண்ணியபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாலை ஒரு அடி அடித்துவிட்டுப் போனான் அரசன், அவள் புடவையை நனைத்து.

“வீட்டுக்கு ஒண்ணு வந்தாச்சு கோ சுரேன்,” என்றார் ஜுல்ஃபிகர். “சபதம் முடிஞ்சுது.”

“என் கையாலன்னு சொல்லியிருக்கேன் பாய்.” சுரேந்திரன் ஒற்றைக்கண் மீனைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். போராட்டத்தில் கழுவப்பட்டு அது பழையபடி வெறும் பிளாஸ்டிக்காக இருந்தது. மோந்து பார்த்தார். மீன் வாடைதான் வந்தது. “இதை நான் நாலு வாரம் போட்டுப் பாத்தேன். ஒண்ணும் தொடலை. என்ன பண்ணே நீ? எத்தனை சுண்டு?”

“சொல்லு தங்கச்சி,” என்றார் ஜுல்ஃபிகர், முதல்முறையாகக் கண்ணாடியைக் கழற்றி. “ரெண்டா மூணா?”

அவள் நனைந்த புடவைத் தலைப்பைப் பிழிந்தாள். சுரேந்திரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரல் இறங்கியிருந்தது. வீரம் எங்கோ நூற்சிக்கலோடு கிடந்தது. அரிசிக் கிடங்கின் சீட்டெழுத்தர் மட்டும் வந்திருந்தார்.

“ராதா. சொல்லேன். அடுத்த வாரம் எனக்கு ஒண்ணு மாட்டிருச்சுன்னா எல்லாத்தையும் விட்டுடறேன். ஞாயித்துக்கிழமை பூரா உனக்குத்தான். சத்தியமா.”

மெய்தான். சொன்னால் போதும். அடுத்த ஞாயிறு முப்பத்தேழு மீன்களும் தனகா பூசிக்கொள்ளும், தாய்லாந்துக்காரனுக்கும் சேதி போகும், அதற்கு சுரேந்திர முறை என்று பெயர் விழும், அவளுக்கே அது விளக்கிச் சொல்லப்படும். ஒரு கொடுவா மாட்டும். பால்கனி திரும்பக் கிடைக்கும். காலையில் அவள் வேண்டியது இதைத்தான். ராதாமணி குளத்தைப் பார்த்தாள். நிழல் விழுந்த அந்த இடம் பத்தடி தூரத்தில் அப்படியே இருந்தது.

பிறகு தன் கணவரை நேராகப் பார்த்தாள். ஏழு ஞாயிறுகளில் முதல்முறையாக அவரும் அவள் முகத்தை நேராகப் பார்த்தார். கண் கொட்டாமல், கெஞ்சலாக, ஒரு முழ தூரத்திலிருந்து பார்த்தார். வலக் கன்னத்தில் துடைத்த கைத்தடத்தோடு கலைந்தும், இடக் கன்னத்தில் வெயிலில் காய்ந்து வெடித்து வட்டமாகவும், திசைகளும் கிழமைகளும் சுண்டுகளும் தேடியலைந்த அந்தப் பேருண்மை அவர் கண்ணுக்கு எதிரே வெள்ளை வெளேரென்று அமர்ந்திருந்தது.

“சொல்லு ராதா. என்ன பண்ணே?”

“சொல்ல மாட்டேங்க,” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, ராதாமணி சாப்பாட்டுக் கேரியரைத் திறந்தாள்.