பெரியமாமா வந்து சேராத படம்

கணினி வகுப்புக்குப் போய் அரைகுறையாகப் படித்தவனிடம் குடும்பத்தின் முக்கியமான காரியம் எதையும் ஒப்படைக்கக் கூடாது. இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். அந்த அரைகுறை நான்தான்.

எங்கள் வீடு திருகோணமலையில், பாலையூற்றில். எனக்கு வேலை, துறைமுகத்துப் பக்கம் மரியதாஸ் அண்ணை நடத்திய கொமினிகேசனில் (ஊரில் பாதிப்பேர் தொலைபேசி பேசவும் இன்ரநெற் பார்க்கவும் வந்த கடை). ஆள் வராத நேரங்களில் அங்கே இருந்து நான் சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதினேன். ஒரு கணினியில் இருக்கும் கோப்பை இன்னொரு கணினிக்கு நேரடியாக அனுப்புவதற்கு. கோப்பில் இருக்கும் பைட்டுகளை உறை, முத்திரை எதுவும் இல்லாமல் அப்படியே இணைப்பில் தள்ளிவிடும். ஆனால் அதற்கு முன்னர் திரை முழுக்க நட்சத்திரக் குறிகளால் என் பெயரை எழுதும். (புரோகிராமில் மூன்றில் ஒரு பங்கு என் பெயர்தான்.)

உலகமே மின்னஞ்சலில் படம் அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. எனக்கு அது கௌரவக் குறைச்சலாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்த என் மச்சான் ரூபனுக்கும் புரோகிராமின் பிரதி ஒன்றை அனுப்பி வைத்திருந்தேன். எதில் அனுப்பினேன்? மின்னஞ்சலில்தான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அந்த நாட்களில்தான் ரூபனின் அப்பா, என் பெரியமாமா, நெஞ்சுவலியில் இறந்துபோனார். அம்மாவுக்கு உடன்பிறந்தவர்களில் உயிரோடு இருந்தவர் அவர் ஒருவர்தான். சண்டையால் யாழ்ப்பாணப் பாதை பூட்டியிருந்தது. மிஞ்சியிருந்த ஒரே வழி கப்பல். அம்மா வெள்ளைச் சேலையைப் பையில் வைத்துக்கொண்டு விடிந்ததிலிருந்து துறைமுக வாசலில் நின்றார். இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அங்கிருந்து நேரே கடைக்கு வந்தார்.

“முகத்தை ஒருக்காப் பாத்தால் போதும் தம்பி,” என்றார். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் பக்கத்துச் செத்தவீடுகளில், பெட்டி மூட முன்னர் உறவினர் எல்லோரும் பெட்டிக்குப் பின்னால் வரிசையாக நின்று படம் எடுப்பார்கள். போக முடியாதவர்களுக்கு அந்தப் படம்தான் கடைசியாகப் பார்க்கும் முகம். ரூபன் தொலைபேசியில் வந்தான். ஸ்ரூடியோக்காரர் டிஜிற்றல் கமராவில் படம் எடுத்துவிட்டார், கமராவை வாங்கிக்கொண்டு இங்குள்ள ஒரு கொமினிகேசனுக்கு ஓடி வந்திருக்கிறேன், பின்னேரம் அடக்கம், அதற்குமேல் ஊரடங்கு என்றான்.

“ஈமெயிலிலை போடச் சொல்லு,” என்றார் மரியதாஸ் அண்ணை.

“அது பிந்தும் அண்ணை. என்ரை புரோகிராம் இருக்கு.”

“கோதாரி! செத்தவீட்டிலையோ நீ சோதிச்சுப் பாக்கப் போறாய்?”

நான் கேட்கவில்லை. திரையில் என் பெயர் நட்சத்திரங்களாக விழுந்தது. அம்மா அதைப் பார்த்து, “இது என்னடா?” என்று கேட்டார்.

கொஞ்ச நேரத்தில் அங்கே ரூபனின் திரையில் ‘முழுவதும் அனுப்பியாயிற்று’ என்று வந்தது. இங்கே எனக்கு ‘முழுவதும் கிடைத்தது’ என்று வந்தது. இரண்டு வசனத்தையும் எழுதியவன் நான்தான். “வந்திட்டுது மச்சான், நீ போ!” என்று தொலைபேசியில் கத்தினேன். அவனும் ஓடிவிட்டான்.

படத்தைத் திறந்தேன். கிடுகுப் பந்தல் தெரிந்தது. பிறகு வரிசையாகத் தலைகள், முகங்கள், தோள்கள். அதற்குக் கீழே சாம்பல் நிறம். படத்தின் கடைசிவரைக்கும் வெறும் சாம்பல் நிறம்.

அம்மா முதலில் முகங்களைத்தான் பார்த்தார். “அண்ணி எப்பிடி மெலிஞ்சிட்டா... இது சின்னவள் எல்லோ?” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “அண்ணன் எங்கை தம்பி?”

“கீழை அம்மா.”

“கீழை ஒண்டும் இல்லையேடா.”

நடந்தது இதுதான். கோப்பை அனுப்பும் ஆணை, நாம் கொடுப்பதை ஒரேயடியாக முழுவதும் எடுத்துப்போகும் என்று சி மொழியில் யாரும் உறுதி தரவில்லை. எவ்வளவு எடுத்தேன் என்று அது திரும்பச் சொல்லும். மிச்சத்தை நாம்தான் மறுபடி கொடுக்க வேண்டும். அது சொன்னதை என் புரோகிராம் காதில் வாங்கவே இல்லை. எவ்வளவு வரப்போகிறது என்று முன்கூட்டிச் சொல்லும் மரியாதையும் அதற்குத் தெரியாது. அதனால் வந்த பாதியை முழுசு என்று இந்தப் பக்கமும் நம்பிவிட்டது. பெயருக்கு இத்தனை நட்சத்திரம் போட்டவனுக்கு இதற்கு இரண்டு வரி எழுதத் தோன்றவில்லை.

ரூபனுக்கு மறுபடி அடித்தோம். மணி போகவில்லை. மரியதாஸ் அண்ணை வாடிக்கையாளர்களை எல்லாம் எழுப்பி அனுப்பிவிட்டு, கடையின் எல்லாத் தொலைபேசியிலும் மாறி மாறி அடித்துப் பார்த்தார். பின்னேரமாயிற்று. அடக்கம் முடிந்திருக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

அம்மா திரையின் சாம்பல் நிறத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். திரையை யாராவது தொட்டால் துள்ளி விழுகிற மரியதாஸ் அண்ணை வெளியே றோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் செத்துப்போயிருக்கலாம் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் ரூபன் கிடைத்தான். ‘முழுவதும் அனுப்பியாயிற்று’ என்று கண்டவுடன், ஆமிச் சோதனை வந்தால் கேள்வி வரும் என்று கணினியிலிருந்து படத்தை அழித்துவிட்டானாம். கமராவை ஸ்ரூடியோக்காரரிடம் கொடுத்தாயிற்று. அவர் அன்று மாலையே இன்னொரு செத்தவீட்டுக்காகப் பழைய படங்களை அழித்திருந்தார். அந்த நாட்களில் அவருக்கு ஓய்வே இல்லை.

மரியதாஸ் அண்ணை அந்தப் பாதிப் படத்தை அச்செடுத்துக் கொடுத்தார். அம்மா அதைச் சட்டம் போட்டு, திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் கொழுவினார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. நான் கடைக்குப் போக வெளிக்கிட்டால் தங்கச்சி, “அண்ணா, முழுக்கத் திரும்பி வருவீங்களோ, இல்லாட்டி தோள் வரைக்குமோ?” என்று கேட்பாள். நான் சோறு பரிமாறினால், “மிச்சம் வருமோ?” என்பார்கள். இப்போது பன்னாட்டு நிறுவனம் ஒன்றில் புரோகிராம் எழுதுகிறேன். வீட்டில் ஒருவரும் நம்புவதில்லை.

பாதை திறந்த பிறகு, மாமாவின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுவந்து, “இதைப் போடுவம் அம்மா” என்று கேட்டுப் பார்த்தேன். விடவில்லை.

வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தச் சாம்பல் நிறத்தைக் காட்டி இது என்ன என்று கேட்பார்கள். அம்மா என்னைக் கையால் காட்டுவார்.

“என்ரை மகன் அண்ணனை முழுக்க வரவிடேல்லை. அதாலை எனக்கு அவர் இன்னும் முழுக்கச் சாகேல்லை.”

சொல்லிவிட்டு அம்மா சிரிப்பார். வந்தவர்களும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே, தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் போய்விடுவேன்.