வலிப்பா, ஆட்டிசமா: ஈரண்ணாவுக்குத் தார்வாடிலிருந்து

மரியாதைக்குரிய அண்ணன் ஈரண்ணாவின் பாதங்களுக்குத் தம்பி குருபாதன் தலைவணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், நீங்கள் வந்துபோனதால் கெட்டதைத் தவிர.

நம் குழந்தை சிஞ்சனா நான்கு வயதாகியும் பேசாமல், கூப்பிட்டால் திரும்பாமல், மின்விசிறியையே வெறித்துக் கையை உதறியதைப் பார்த்து, "இது வலிப்புடா மடையா, இரும்பைக் குடு" என்று பீரோ சாவியை அவள் கையில் திணித்தீர்களே, அவளுக்குச் சாவி பிடித்துப்போய்விட்டது. வாங்கப் போனால் ஊரைக் கூட்டுகிறாள். பீரோ பூட்டியே கிடக்கிறது, நான் ஒரே சட்டையில் ஆபீஸ் போய் வருகிறேன்.

நான் மட்டும் சும்மா இருந்தேனா? போனில் வீடியோ பார்த்து ஆட்டிசம் என்று முடிவுகட்டினேன். அவள் விசிறியை வெறிக்கும்போது அவளுக்குப் பிடித்த பேடா இனிப்பை நீட்டினேன், டபக்கென்று பிடுங்கிக்கொண்டாள். "பாத்தியா கஸ்தூரி, வலிப்புன்னா பேடா தெரியுமா? அண்ணன் அவுட்டு!" என்று பெண்டாட்டி முன்னால் குதித்தேன். குதித்து முடிப்பதற்குள் பேடா வாய்க்குப் பாதி வழியில் நின்றுவிட்டது. இமை மட்டும் துடித்தது. கூப்பிட்டோம், கிச்சுகிச்சு மூட்டினோம், அசையவில்லை. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல வாயில் போட்டு மென்றாள். "ஜெயிச்சது போதும், வண்டிய எடுங்க" என்றாள் கஸ்தூரி.

டாக்டர் தேசாயம்மா குழந்தையோடு விளையாடிப் பார்த்தார், தலையில் ஒயர் ஒட்டிச் சோதனையும் எடுத்தார்.

"விசிறியைப் பாக்கறது ஆட்டிசத்தால, அது அவ இஷ்டம். பிடிச்சதைக் காட்டினா திரும்புவா. பாதியில உறைஞ்சு நின்னது வலிப்பு. அப்ப பேடாக் கடையே வந்து நின்னாலும் திரும்ப மாட்டா. ரெண்டும் இருக்கு."

"ரெண்டுமா?"

"ஏன், ஒரே வீட்டுல அண்ணன் தம்பி இருக்கறதில்லையா?"

"அப்ப இந்த இரும்புச் சாவி?"

"பூட்டத் திறக்கும். பெரிசா வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. கையில, வாயில எதையும் திணிக்காதீங்க."

வலிப்புக்கு மருந்து, பேச்சுக்குப் பயிற்சி. உறைந்து நிற்பது இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆக, நீங்களும் ஜெயிக்கவில்லை, நானும் ஜெயிக்கவில்லை. தயவுசெய்து தீபாவளி வரை இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதீர்கள். அண்ணிக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, எருமைக்கு என் அன்பு.

இப்படிக்கு,
குருபாதன்

பி.கு.: நேற்று மறுபடி போனபோது, டாக்டர் பேசிக்கொண்டிருக்கும்போதே, டிக் டிக் சத்தம் தாங்காமல் அவர் அறைக் கடிகாரத்தின் பேட்டரியை நான் கழற்றிவிட்டேனாம். "ஆட்டிசத்துக்கு உங்களையும் ஒருதடவை பாக்கணுமே. சின்ன வயசுலேர்ந்து உங்களைத் தெரிஞ்சவங்க யாராவது கூட வரணும்" என்கிறார். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். மேலே உள்ள எதையும் நான் எழுதவே இல்லை. முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுங்கள் அண்ணா.