சாணை நைனாவின் சவரக்கத்தி

கோட்டைக்குப்பத்தில் எங்கள் தெரு ஆண்கள் யாருக்கும் இடது முன்கையில் முடி கிடையாது. வியாதி எதுவுமில்லை. எல்லாம் என் பக்கத்து வீட்டு சாணை நைனா செய்த வேலை. தன் சவரக்கத்தியைத் தீட்டியதும் கூர் பார்க்க, தெருவில் போகிறவன் கையைத்தான் பிடிப்பார். அவர் கையில் முடி தீர்ந்து வெகுகாலமாகியிருந்தது.

ஏரியில் நண்டு பிடிக்கிற மனிதர். ஆனால் கடை பிளேடு தன் கன்னத்தில் பட்டதே இல்லை என்பதில் அவருக்கு ஒரு எம்.எல்.ஏ.வின் கர்வம். நண்டுக் கூடையில் செல்போனைச் சாய்த்து, எந்த ஊர்க்காரனோ கத்தி தீட்டுகிற வீடியோவை ஓடவிட்டு, "தப்பா தீட்றான்யா இவன்" என்று திட்டிக்கொண்டே தீட்டுவார்.

போன வருஷம் அவர் மகளைப் பெண் பார்க்க ஆரம்பாக்கத்திலிருந்து வருவதாக இருந்தது. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்ததால் வீடே பதற்றத்தில் இருந்தது. அன்று காலையில்தான் தெரிந்தது, அவர் மனைவி மேரி அக்கா வலை பின்னும்போது நைலான் நூலை வெட்ட, கைக்குக் கிடைத்த அந்தச் சவரக்கத்தியையே எடுத்திருக்கிறார் என்று. கத்தி முழு மொக்கை. நைனா முகத்திலோ ஒரு வாரத் தாடி.

"யோவ், பஜார் சலூனுக்கு ஓடுய்யா! இப்படி நின்னா இன்னா நெனப்பாங்க? துக்க வீடுனு திரும்பி பூடுவாங்க!"

"இன்னாத்துக்குடி கத்துற? கல்லு கீது, தண்ணி கீது."

கத்தியின் முதுகும் வாயும் ஒன்றாகக் கல்லில் படிய, அழுத்தாமல் இப்படி ஒரு தள்ளு, புரட்டிப்போட்டு அப்படி ஒரு இழுப்பு. அவசரம் என்றால்தான் அவருக்கு நிதானமே வரும். பிறகு, விருந்தாளிகளை வரவேற்க வந்திருந்த என் பெல்ட்டை உருவி, ஜன்னல் கம்பியில் மாட்டி, கத்தியை அதில் தேய்த்தார். நான் பேண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒரு கன்னம் முடிந்ததுமே வாசலில் ஆட்டோ வந்துவிட்டது. நைனா பாதி முகம் நுரையோடு போய்க் கும்பிட்டார். மேரி அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளையின் அப்பா வழித்த கன்னத்தையே உற்றுப் பார்த்தார். "இன்னா கத்திங்க இது? கன்னம் இப்படி வழவழனு கீது!"

"கையைக் குடுங்க" என்றார் நைனா.

அவ்வளவுதான், அந்தக் கையும் மொட்டை. இருவரும் கல்லுக்கு இரு பக்கமும் உட்கார்ந்து பேசிய பேச்சில், வந்த விஷயமே மறந்துபோனது. பெண்ணே டீ கொண்டுவந்து நினைவுபடுத்த வேண்டியதாயிற்று.

மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. பெண்ணும் சரி என்றாள். அவர்கள் கிளம்பியதும் நைனா மீதிக் கன்னத்தை வழிக்க உட்கார்ந்தார். கத்தியைக் கன்னம்வரை கொண்டுபோய், வழிக்காமலே இறக்கினார்.

"பொண்ணு பூடுவாளே, மேரி" என்றவர், கத்தியை மனைவியிடம் நீட்டினார். "நீயே முடிச்சுவுடு."

மேரி அக்கா அவர் மோவாயைப் பிடித்து மெதுவாக வழித்தார். நைனா கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் கொடுத்தார். அந்தக் கிறுக்கு மனிதரை அன்றைக்கு எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது.